தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்: காத்திருக்கும் குடும்பத்தினருக்கான வழிகாட்டி

ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால், உள்ளே படுத்திருப்பவரைக் கவனிக்க மருத்துவர், செவிலியர், கருவிகள் என ஓர் ஏற்பாடே இருக்கிறது. வெளியே காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாற்காலியும் கைபேசியும்தான் மிஞ்சுகின்றன. மருத்துவ உலகமும் அவர்களை நெடுங்காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் 1952-53-இல், கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் மேற்கொண்ட முயற்சிகளில் இருக்கிறது. உறவினர்களுக்கு என்ன தேவை என்று முறையாகக் கேட்டறிந்த நான்சி மோல்ட்டர் என்னும் செவிலியரின் ஆய்வு வெளிவந்ததோ 1979-இல்தான். 45 தேவைகளைப் பட்டியலிட்டு அவர் கேட்டபோது, நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்னும் உணர்வும், கேள்விகளுக்கு நேர்மையான விடையும் முன்வரிசையில் நின்றன. தங்கள் சொந்த வசதியைப் பற்றிய தேவைகளை உறவினர்களே கடைசியில்தான் வைத்தார்கள்.

அப்படித் தங்களைக் கடைசியில் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. பிரான்சில் 43 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், குடும்பத்தினரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் 35 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. எனவே கை நடுங்குவதும், ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பதும், அற்ப விஷயத்துக்கு எரிந்து விழுவதும் உங்களுக்கு மட்டும் நேர்கிற கோளாறு அல்ல; அந்த இடத்தில் நிற்கிற பெரும்பாலோருக்கு நேர்வதே. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது. மனத்தை நேரடியாகத் திடப்படுத்த முயல்வதைவிட, மனத்தைக் குலைக்கிற சூழலை ஒழுங்குபடுத்துவது எளிது என்பது என் கருத்து. தெளிவான தகவல், பகிர்ந்துகொண்ட பொறுப்பு, போதிய உறக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஆறுதல் மொழிகள் பெருமளவு தேவைப்படுவதில்லை. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்த அடிப்படையில் அமைந்தவை.

முதல் முறை உள்ளே போகும்முன்

முதல் பார்வை தரும் அதிர்ச்சி பல மாதங்கள் மனத்தில் தங்கக்கூடியது. ஆகையால் உள்ளே நுழைவதற்கு முன்பே, எதைப் பார்க்கப் போகிறோம் என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரின் வாய்வழியாகச் செல்லும் குழாய் குரல்நாண்களுக்கு இடையே புகுந்து மூச்சுக்குழாயை அடைகிறது; அதனால்தான் அவர் விழித்திருந்தாலும் அவரால் பேச முடிவதில்லை. உடலில் நீர் சேர்வதால் முகமும் கைகளும் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருக்கலாம். தன்னையறியாமல் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக மணிக்கட்டுகள் மென்பட்டையால் கட்டப்பட்டிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது என்று முன்கூட்டியே அறிந்திருப்பவருக்கும், எதுவும் தெரியாமல் திடீரென்று பார்ப்பவருக்கும் ஏற்படும் அதிர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை. தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், அல்லது வெளியே வந்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கருவிகளின் ஒலி பலரை ஆட்டிப்படைக்கிறது. விரலில் மாட்டிய உணரி நழுவினாலும், நோயாளி இருமினாலும், பம்பில் மருந்து தீரும் தறுவாயில் இருந்தாலும் அலாரம் அடிக்கும். ஒலிகளில் பெரும்பாலானவை உடனடி ஆபத்தைக் குறிப்பவை அல்ல. எந்த ஒலிக்குச் செவிலியர் ஓடி வருவார், எதற்கு நிதானமாக வருவார் என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளலாம். மானிட்டர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திரையில் எண்கள் ஏறி இறங்குவது இயல்பு. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் உங்கள் நெஞ்சும் சேர்ந்து துடித்தால் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவீர்கள். நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பி, நோயாளியின் முகத்தைப் பார்த்து உட்காருங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தீவிர நோய், மருந்துகள், உறக்கமின்மை ஆகியவை சேர்ந்து பல நோயாளிகளுக்கு டெலிரியம் எனப்படும் தற்காலிகக் குழப்ப நிலையை உண்டாக்குகின்றன. அந்த நிலையில் அவர் உங்களை அடையாளம் காணாமல் போகலாம். தன்னை யாரோ கொல்லப் பார்ப்பதாகச் சொல்லலாம். உங்களையே குற்றம்சாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது நோய் பேசுகிற பேச்சு. வாதாடித் திருத்த முயலாமல், 'நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள், இன்று இன்ன கிழமை, நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் வழக்கமாக அணியும் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டில் கிடந்தால் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். கண்ணும் காதும் தெளிந்தால் குழப்பமும் சற்றுக் குறையலாம். குழப்பம் புதிதாகத் தோன்றினாலோ திடீரென்று கூடினாலோ செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவருடைய இயல்பான பேச்சும் நடத்தையும் எப்படி இருக்கும் என்பது அவர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

தகவலைக் கையாளும் முறை

குடும்பத்தினரின் மன உளைச்சல் நோயிலிருந்து மட்டுமல்ல, நோயைப் பற்றிய அரைகுறைத் தகவலிலிருந்தும் பிறக்கிறது. எலி அசூலே என்னும் பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவரோடு பேசி முடித்த பின்னரும் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நோய் என்ன, சிகிச்சை என்ன, எதிர்பார்க்கக்கூடியது என்ன என்பதில் ஏதாவது ஒன்று பிடிபடவில்லை என்று தெரியவந்தது. அதே குழு 2005-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நோயாளி வெளியேறியோ இறந்தோ 90 நாள்களுக்குப் பிறகு உறவினரில் மூன்றில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. தங்களுக்குக் கிடைத்த தகவல் முழுமையாக இல்லை என்று கருதியவர்களிடம் அந்த விகிதம் பாதியை நெருங்கியது. முழுமையான தகவல் இல்லாத இடத்தை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. நிரப்பும்போது நல்லதைக் கொண்டு நிரப்புவதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, மருத்துவக் குழுவிடம் பேசுவதற்குக் குடும்பத்தின் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அவர் மூத்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களிடம் சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். ஐந்து பேர் ஐந்து வெவ்வேறு மருத்துவர்களிடம் கேட்டு வந்தால், ஒரே செய்தி ஐந்து விதமாகத் திரும்பி வந்து, 'டாக்டர் எதையோ மறைக்கிறார்' என்ற சந்தேகத்தில்தான் முடியும். அவருக்கு மாற்றாக இரண்டாவது ஒருவரையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் முதலாமவரும் தூங்க வேண்டும். உறவினர், நண்பர், அலுவலகத்தார் ஆகியோருக்குச் செய்தி சொல்லும் வேலையை இவர்கள் இருவர் அல்லாத மூன்றாமவரிடம் கொடுத்துவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில், ஒரே செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், 'இப்போது எப்படி இருக்கிறார்' என்ற கேள்விக்கு நாள் முழுவதும் விடை சொல்லிக் களைக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். அச்சத்தில் இருக்கும் மனம் கேட்டதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது; மருத்துவர் சொன்னதில் பயமுறுத்தும் ஒரு சொல் மட்டும் நினைவில் நின்று மற்றவை உதிர்ந்துவிடும். தேதி, பேசியவர் பெயர், சொன்ன விஷயம், அடுத்து எப்போது பேசலாம் என்பவற்றை எழுதி வையுங்கள். மருத்துவர் பேசி முடித்ததும், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். இரவில் தோன்றும் கேள்விகளையும் அதே நோட்டில் எழுதி விடுங்கள். எழுதிய கேள்வி காலை வரை காத்திருக்கும், எழுதாத கேள்வி தூங்க விடாது.

கேள்விகளிலும் தேர்வு வேண்டும். 'பிழைத்துவிடுவாரா' என்ற கேள்விக்கு முதல் சில நாள்களில் யாராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது. அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 'நேற்றைவிட இன்று எந்த உறுப்பு தேறியிருக்கிறது, எது பின்தங்கியிருக்கிறது? இப்போது உங்களுக்கு அதிகக் கவலை தருவது எது? முன்னேற்றம் என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள், அது எத்தனை நாளில் தெரியவரும்? பிழைத்தால் அவருடைய வாழ்க்கை எப்படி இருக்கும்?' என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும். இவற்றுள் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். பின்னால் முடிவெடுக்க நேரும்போது மிகவும் தேவைப்படுவது அதுதான். ரவுண்ட்ஸ் நேரத்தில் உடனிருக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைக்கின்றன. நின்றுகொண்டே நடைக்கூடத்தில் பேசி முடிக்கிற வழக்கம் இருந்தால், உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

கேட்கும் விதத்தைப் போலவே காதில் வாங்கும் விதமும் முக்கியம். உறவினர்களிடம் மருத்துவரின் கணிப்புகளைக் கொடுத்துப் பொருள் கேட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளியானது. நல்ல செய்தியை உள்ளது உள்ளபடி புரிந்துகொண்டவர்கள், 'பிழைக்க 5 விழுக்காடு வாய்ப்பு' போன்ற மோசமான செய்தியை மட்டும் அதைவிடக் கூடுதலான வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். இது அறியாமையன்று, அன்பின் கணக்கு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் சொன்ன எண்ணையும் நீங்கள் நம்பும் எண்ணையும் நோட்டில் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுவேறு என்று தெரிந்திருந்தாலே, பிறகு செய்தி மோசமாகும்போது 'யாரும் எங்களிடம் சொல்லவில்லையே' என்ற கோபம் எழாது. இணையத்தில் தேடுவதைப் பற்றி ஒரே ஒரு வரி: சொல்லின் பொருளைத் தேடுங்கள், அவருடைய கதியைத் தேடாதீர்கள்.

படுக்கையின் அருகில்

எதையும் செய்ய முடியாமல் நிற்கிறோமே என்பதுதான் பலரை உள்ளூர அரிக்கும் எண்ணம். ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. செவிலியரின் அனுமதியோடு உதட்டுக்கு ஈரம் தடவலாம், கைகால்களுக்குக் களிம்பு பூசலாம், தலைமுடியைச் சீவிவிடலாம், இயன்முறைப் பயிற்சியின்போது உடனிருந்து கற்றுக்கொள்ளலாம். மயக்க மருந்தில் இருப்பவருக்கு எவ்வளவு கேட்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். வீட்டுச் செய்திகள், அன்றைய வானிலை, அவருக்குப் பிடித்த விஷயங்கள் என்று சாதாரணமாகப் பேசினால் போதும். அவருடைய நிலைமையைப் பற்றிய விவாதத்தையும் அழுகையையும் மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பேச ஒன்றும் தோன்றவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் முழுமையான வேலைதான்.

நோயாளிக்காக ஒரு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் வட ஐரோப்பிய நாடுகளில் தொடங்கிப் பரவியது. செவிலியரும் உறவினரும் சேர்ந்து, அன்றன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், அவர் எப்படி இருந்தார் என்று நோயாளியை முன்னிலைப்படுத்தி எழுதுகிறார்கள். தேறிய பின் அவர் அதைப் படித்து, தான் இழந்த நாள்களை மீட்டுக்கொள்கிறார். இதன் பலன் குறித்து ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, நோயாளிகளிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சல் குறைந்ததாகச் சொன்னது. 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 35 பிரிவுகளில் சோதித்தும் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இதை மருந்தாக எண்ணி எழுத வேண்டாம். எழுதுவது உங்களுக்கு இதமாக இருந்தால் எழுதுங்கள். பாரமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பார்வை நேரம் குறைவாக இருந்தால், அதை நீட்டித்துக் கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை உடனிருக்க அனுமதித்தபோது நோயாளியின் டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அனுமதி இருக்கிறது என்பதற்காக 12 மணி நேரமும் அங்கேயே இருந்தாக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

முறை வைத்துக் காத்திருத்தல்

தீவிர சிகிச்சை சில நாள்களில் முடியலாம், பல வாரங்கள் நீளவும் செய்யலாம். முதல் இரண்டு நாள் எல்லோரும் விழித்திருந்து, மூன்றாம் நாள் எல்லோரும் ஒருசேரச் சரிவதுதான் வழக்கமாக நடப்பது. தொடக்கத்திலேயே முறை வைத்துக்கொள்ளுங்கள்; இரவில் ஒருவர் மட்டும் இருக்க, மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் தூங்கட்டும். 'நான் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்' என்ற அச்சம்தான் வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. எந்த மாற்றத்துக்கெல்லாம் என்னை அழைப்பீர்கள் என்று செவிலியரிடம் தெளிவாகக் கேட்டு, கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த அச்சம் கொஞ்சம் தணியும். இரவு முழுவதும் விழித்திருந்தவர் காலையில் வண்டி ஓட்ட வேண்டாம். உங்களுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், மனநலத்துக்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அந்த மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குங்கள்.

பதற்றம் திடீரென்று மேலெழுந்து நெஞ்சு படபடத்தால், உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கிச் சில நிமிடங்கள் மூச்சுவிடுங்கள். இரு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, கண்ணுக்குத் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாக மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள். எளிமையாகத் தோன்றினாலும் இது உடலின் வேகத்தைத் தணிக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ, தொடர்ந்து பல இரவுகள் தூக்கமே வராமல் போனாலோ, மதுவோ தூக்க மாத்திரையோ இல்லாமல் நாள் நகராத நிலை வந்தாலோ, சுயமுயற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் நிற்பதே ஒரு மருத்துவமனையில்தான் என்பது இந்த ஒரு விஷயத்தில் வசதி.

குடும்பத்துக்குள்

நோய் வருவதற்கு முன்பே இருந்த பழைய மனக்கசப்புகள் இந்த வாசலில் மீண்டும் தலைதூக்கும். யார் முதலில் கவனித்திருக்க வேண்டும், யார் வேறு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார், யார் வரவே இல்லை என்ற பேச்சுகள் எழும். ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக அஞ்சுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் அழுவார், ஒருவர் ஓடியாடி வேலை செய்வார், ஒருவர் உள்ளே போகவே மறுப்பார். உள்ளே போக மறுப்பவருக்குப் பாசம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'அன்றைக்கே அழைத்து வந்திருந்தால்' என்ற குற்ற உணர்வு யாரையாவது வாட்டினால், 'அப்படியெல்லாம் இல்லை' என்று மேலோட்டமாகத் தேற்றுவதால் அது போகாது. அந்தக் கேள்வியை அப்படியே மருத்துவரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் சொல்லும் விடை, நீங்கள் உங்களுக்கு விதித்துக்கொண்ட தீர்ப்பைவிட இலேசாக இருக்கும்.

குழந்தைகளிடம் மறைப்பது பெரியவர்களுக்குத்தான் நிம்மதி. வீட்டில் ஏதோ சரியில்லை என்பது குழந்தைக்கு முதல் நாளே தெரிந்துவிடும். காரணம் தெரியாதபோது, தான் செய்த குறும்பால்தான் இது நேர்ந்தது என்று சிறு குழந்தைகள் எண்ணிக்கொள்வதுண்டு. நோயின் பெயரைச் சொல்லுங்கள், இதற்கு யாரும் காரணமில்லை என்று சொல்லுங்கள், இனி தன்னைக் கவனித்துக்கொள்பவர் யார் என்றும் சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்று மட்டும் சொன்னால் அந்தக் குழந்தை இரவில் தூங்கவே அஞ்சக்கூடும். 'வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்' என்று சொல்வது நல்லது. பார்க்க வர விரும்பினால், முன்கூட்டியே ஒரு புகைப்படத்தைக் காட்டி, காணப் போவதை விளக்கி, பெரியவர் ஒருவரோடு சிறிது நேரம் அழைத்துச் செல்லலாம். விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். படம் வரைந்து கொடுத்தனுப்பட்டும்.

முடிவெடுக்கச் சொல்லும்போது

சிகிச்சையைத் தொடர்வதா, ஒரு கட்டத்தில் நிறுத்துவதா, தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதா, இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல்வதா என்று குடும்பத்தினரைக் கேட்கும் நாள் சிலருக்கு வருகிறது. இதுவே எல்லாவற்றிலும் கனமான கட்டம். பிறருக்காக இத்தகைய முடிவெடுத்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினருக்கு அதன் பாரம், பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பாய்வு தெரிவிக்கிறது. அதே மதிப்பாய்வில், நோயாளியின் விருப்பம் இன்னதென்று தெரிந்திருந்தவர்களுக்குப் பாரம் குறைந்திருந்தது.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். 'எங்களுக்கு என்ன வேண்டும்' என்று தொடங்கினால், அவர் வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை வராது. 'அவர் இப்போது எழுந்து உட்கார்ந்து, மருத்துவர் சொன்ன அனைத்தையும் கேட்டால், என்ன சொல்வார்' என்று தொடங்குங்கள். வேறு யாராவது நோயுற்றபோது அவர் சொன்ன கருத்துகள், எந்த நிலையில் வாழ்வதை அவர் தாங்கமாட்டார், எதை இழந்தாலும் வாழ விரும்புவார் என்பவற்றைக் குடும்பத்தினர் ஒன்றாக உட்கார்ந்து நினைவுகூருங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்த முன்விருப்ப ஆவணம் இருந்தால் தேடி எடுங்கள். இத்தனைக்குப் பிறகும் தவறு நேரலாம். உறவினரின் ஊகம் நோயாளியின் விருப்பத்தோடு ஒத்துப்போவது மூன்றில் இரண்டு முறைதான் என்று 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நெருங்கி வாழ்ந்தவர்களாலும் அவ்வளவுதான் முடியும் என்று அறிந்திருப்பது, பிற்காலத்தில் உங்களை நீங்களே கூண்டில் ஏற்றாமல் இருக்க உதவும்.

தனியொருவர் தலையில் முடிவைச் சுமத்தாதீர்கள். கையெழுத்து ஒருவருடையதாக இருக்கலாம். ஆனால் முடிவு கூடிப் பேசி எடுத்ததாக இருக்கட்டும், கூடியிருந்தவர்களின் பெயர்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். 'எங்கள் நிலையில் அவருடைய விருப்பத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்' என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பரிந்துரை சொல்வது அவருடைய கடமைகளில் ஒன்று. இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாதபோது, இத்தனை நாளுக்கு முழுச் சிகிச்சை, அதற்குள் இன்னின்ன மாற்றம் தெரியாவிட்டால் மீண்டும் கூடிப் பேசுவது என்று காலவரையறை வைத்த முயற்சியைக் கோரலாம். தேற வைக்கும் சிகிச்சையை நிறுத்துவதாக முடிவானாலும் வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான சிகிச்சை தொடரும். அது எப்படிச் செய்யப்படும் என்று விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் உரையாடலின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2007-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு சான்று. இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளின் குடும்பங்களோடு நீண்ட நேரம் உட்கார்ந்து, அவர்களை அதிகம் பேசவிட்டு, கையேடு ஒன்றையும் கொடுத்தபோது, அந்தக் குடும்பங்களில் 90 நாள்களுக்குப் பிறகு அதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலின் அறிகுறிகள் 45 விழுக்காட்டினரிடம் இருந்தன. வழக்கமான முறையில் பேசப்பட்ட குடும்பங்களில் அது 69 விழுக்காடு. முதல் முறையில் குடும்பத்தினர் பேசிய நேரம் 14 நிமிடம், மற்றதில் 5 நிமிடம். மருத்துவரின் நேரம் வீணாகிறதே என்று உங்கள் பேச்சைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்பதை மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

வெளியே வந்த பிறகு

நோயாளி பொது வார்டுக்கு மாறும் நாள் மகிழ்ச்சியானது. அதே நாளில் புதிய அச்சமும் தொடங்கும். ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று இருந்த இடத்திலிருந்து, பலருக்கு ஒருவர் என்ற இடத்துக்குப் போகிறீர்கள். தீவிர சிகிச்சைக்குப் பின் குடும்பத்தினருக்கு வரும் மனநலக் குறைபாடுகளுக்கென்று தனிப் பெயரே உண்டு; 2010-இல் கூடிய நிபுணர் குழு ஒன்றின் பரிந்துரைகள் 2012-இல் வெளியானபோது, தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய குடும்ப நோய்க்குறித் தொகுப்பு என்ற பெயரில் அது அங்கீகாரம் பெற்றது. தேறி வந்தவருக்கு அந்த நாள்கள் நினைவில் இருக்காது, அல்லது நடக்காத பயங்கரங்கள் நினைவில் இருக்கும். உங்களுக்கோ ஒவ்வொரு மணியும் நினைவில் இருக்கும். இந்த இடைவெளியால், 'எனக்குத்தானே வந்தது, உனக்கு ஏன் இவ்வளவு கலக்கம்' என்று அவரே கேட்கக்கூடும். கெட்ட கனவுகள், தொலைபேசி மணிக்குத் தூக்கிவாரிப் போடுவது, மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்ப்பது, எதிலும் நாட்டமில்லாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும்.

இழப்பு நேர்ந்திருந்தால் துயரத்துக்குக் கெடு எதுவும் இல்லை. அழுகை ஓயவில்லை என்பதற்காக அது நோயாகிவிடாது. ஆனால் அன்றாட வாழ்வே முடங்கும் அளவுக்கு ஏக்கம் நாள்தோறும் அழுத்திக்கொண்டிருந்தால், அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார அமைப்பின் 11-ஆம் நோய் வகைப்பாடு நீடித்த துயரக் கோளாறைக் கண்டறிய 6 மாத காலத்தையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட திருத்தப்பட்ட கையேடு 12 மாத காலத்தையும் அளவுகோலாகக் கொள்கின்றன. உதவி கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. விடை தெரியாத கேள்விகள் உறுத்திக்கொண்டே இருந்தால், சில வாரங்கள் கழித்து, சிகிச்சை அளித்த மருத்துவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். கடைசி நாளில் என்ன நடந்தது, வலி இருந்ததா, வேறு வழி ஏதும் இருந்ததா என்று கேட்கப் போகும்போது, அந்த நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்; நாள்களும் பெயர்களும் அதில் இருக்கும்.